ஒரே எண்ணில் இரண்டு பேட்

அண்ணனிடம் சொல்வதா வேண்டாமா என்று நான்கு மாதம் மனதுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். விஷயம் கேட்பதற்குச் சின்னதாகத்தான் இருக்கும். முதல் மாதச் சம்பளத்தில் அவன் எனக்கு வாங்கித் தந்த யோனெக்ஸ் ஷட்டில் பேட் டூப்ளிகேட். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு வருடம் ஆகியிருக்கிறது. அவனுக்கு அது அப்போது தெரியாது. அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. ஏன் இப்படி உறுத்துகிறது என்று யோசிக்கப் போய், ஒரு பெயர் எதற்காக இருக்கிறது என்ற கேள்வியில் வந்து நின்றேன்.

அண்ணனுக்கு ஷட்டில் ஆடத் தெரியாது. நான் ஆடுவதைச் சுவரோரம் உட்கார்ந்து பார்ப்பான். அப்போது என்னிடம் சொந்த பேட் கிடையாது. யாராவது ஆட்டத்தை முடித்துவிட்டு உட்காரும்போது அவர்களுடைய பேட்டை வாங்கி ஆடுவேன். அவர்கள் எழுந்தால் நான் உட்கார வேண்டும். இதை அவன் எத்தனை நாள் கவனித்தான் என்று தெரியவில்லை. சம்பளம் வந்த அன்று சாயங்காலம் ஒரு நீளமான உறையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். ஜிப்பைத் திறந்தால் சிவப்பு நிறத்தில் ஆர்க்சேபர் என்ற யோனெக்ஸ் மாடல். கழுத்துப் பகுதியில் பெயர், நரம்பின் நடுவே இரண்டு ஒய் சேர்ந்த அந்த முத்திரை. "இதுதான் நல்ல பேட்டுன்னு சொன்னாங்கடா, சரியா இருக்கா?" என்று கேட்டான். சரியா இருக்கா என்று கேட்ட அந்தக் குரலில் இருந்த தயக்கம் எனக்கு இன்னும் கேட்கிறது. எடை, பிடியின் அளவு, தண்டின் விறைப்பு என்று எதையும் கேட்டு வாங்க அவனுக்குத் தெரியாது. ஷட்டிலில் அவனுக்குத் தெரிந்த ஒரே பெயர் யோனெக்ஸ். அந்தப் பெயரை நம்பி, சம்பளத்தில் பெரும்பகுதியை எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

அதன் பிறகு ஏழு வருடம் அந்த பேட்தான். நாலைந்து முறை நரம்பு அறுந்திருக்கிறது. கிரிப் எத்தனை முறை மாற்றினேன் என்பதற்குக் கணக்கே இல்லை. இரட்டையர் ஆட்டத்தில் கூட்டாளியின் பேட்டோடு மோதித் தலையின் வலது பக்கம் பெயின்ட் பெயர்ந்தது. அந்த இடத்தை விரலால் தடவிப் பார்க்காமல் உறைக்குள் வைக்க மாட்டேன். ஒரு சங்கடம் மட்டும் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. மூன்றாவது செட் வரும்போது தோள் கனக்கும். தலைக்கு மேல் வரும் பந்துக்குக் கை அரை நொடி தாமதமாக எழும். நல்ல பேட் கையில் இருக்கிறது, அப்படியென்றால் குறை என் கையில்தான் என்று முடிவு செய்துகொண்டேன். தோளுக்குத் தனியாகப் பயிற்சி செய்தேன். மணிக்கட்டுக்கு எடை தூக்கினேன். ஒருபோதும் பேட்டைச் சந்தேகப்பட்டதில்லை.

கட்டிங் மேசை

நரம்பு கட்டுவதை நாங்கள் கட்டிங் போடுவது என்று சொல்வோம். வழக்கமாகப் போடுகிறவர் ஊரில் இல்லாததால், நண்பன் சொன்ன வேறொருவரிடம் போனேன். ஐம்பது வயதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். "எத்தனை பவுண்டு தம்பி?" என்றார். நரம்பின் இறுக்கத்தைப் பவுண்டில்தான் சொல்வோம். அதுவரை 22 பவுண்டில் ஆடிக்கொண்டிருந்தேன். கூட ஆடுகிற பையன்கள் 26, 27 என்று ஏற்றிக்கொண்டே போவதைப் பார்த்து எனக்கும் ஆசை. "26 போடுங்கண்ணே" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு பேட்டை வாங்கி, சின்னக் கத்தரிக்கோலால் நடு நரம்பிலிருந்து தொடங்கி வெளிப்புறமாக, குறுக்கும் நெடுக்கும் மாற்றி மாற்றி வெட்டினார். ஒரு பக்கமாகவே வெட்டிக்கொண்டு போனால் மீதி நரம்பின் இழுவை ஃபிரேமைக் கோணலாக்கிவிடும் என்பதால் அப்படி வெட்டுவார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் டப் டப் என்று ஒரு சத்தம். கடைசி நரம்பையும் உருவி எடுத்ததும் வெறும் ஃபிரேம் மட்டும் அவர் கையில் இருந்தது.

நரம்பில்லாமல் என் பேட்டை நான் அதுவரை கவனித்துப் பார்த்ததே இல்லை. அவர் அதைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். துளைகளில் இருக்கும் பிளாஸ்டிக் குரோமெட்டுகளை நகத்தால் ஒவ்வொன்றாகத் தட்டினார். இரண்டு இடத்தில் அவை ஆடின. ஒரு துளை மற்றதைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்தது. பிறகு கிரிப்பைச் சுற்றிக் கழற்றலாமா என்று கேட்டார். சரி என்றேன். கழற்றிவிட்டு, மேசையடியில் இருந்த சின்ன டிஜிட்டல் தராசில் வைத்தார். பேட்டில் 3யூ என்று எழுதியிருந்தது. 3யூ என்றால் 85 கிராமுக்கு மேல், 90 கிராமுக்குள் இருக்க வேண்டும். தராசு 97 காட்டியது. தராசைச் சுழியம் செய்து மறுபடி வைத்தார். மறுபடியும் 97.

அப்போதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கைப்பிடி முடியும் இடத்தில் இருக்கும் கூம்புக்கு மேலே, தண்டை விளக்குக்கு அருகில் கொண்டுபோய், அதில் பொறித்திருந்த எண்ணைப் படித்தார். எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் உடைந்த ஒரு பேட் இருந்தது. அதே சிவப்பு, அதே ஆர்க்சேபர். தலை, கடிகாரத்தில் இரண்டு மணி இருக்கும் பக்கத்தில் நசுங்கி உள்ளே மடங்கியிருந்தது. இரண்டு தண்டுகளையும் ஒட்டி வைத்து என் பக்கம் திருப்பினார். படித்துப் பார்த்தேன். முதல் எண்ணிலிருந்து கடைசி எண் வரை இரண்டிலும் ஒன்றே. ஒவ்வொரு பேட்டுக்கும் தனியாக இருக்க வேண்டிய எண், யாரென்றே தெரியாத ஒருவருடைய உடைந்த பேட்டிலும் என் பேட்டிலும் ஒரே மாதிரி இருந்தது. "இது போன வருஷம் வந்தது. நான் சொல்லச் சொல்லக் கேக்காம 26 போடச் சொன்னாரு. மெயின் இழுக்கும்போதே மடிஞ்சு போச்சு" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "யாரு வாங்கித் தந்தது?" என்று கேட்டார். அண்ணன் என்று சொன்னேன். அதற்கு மேல் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அந்த நாகரிகத்துக்கு அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அவர் விளக்கியதில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். நரம்பைக் கட்டும்போது முதலில் மெயின் எனப்படும் 22 இழை நெடுக்காகப் போகும். அப்போது மொத்த இழுவையும் மேலிருந்து கீழாகவே இருக்கும், தலை நசுங்கப் பார்க்கும். குறுக்கு நரம்பு ஏறி முடிந்த பிறகுதான் எல்லாப் பக்கமும் சமமாகும். அந்த இடைப்பட்ட நேரத்தைத் தாங்குவது ஃபிரேமின் பலம். பிசின் ஊறிய கார்பன் நார்த் தாள்களை எந்தக் கோணத்தில், எத்தனை அடுக்காகச் சுற்றி அச்சில் வைத்துச் சுட்டார்கள் என்பதில் அந்தப் பலம் இருக்கிறது. வெளியே இருந்து பார்த்தால் அது தெரியாது. முட்டை வடிவத்தை விட்டு மேற்பக்கம் சற்றுச் சதுரமாக விரிந்திருக்கும் அந்தத் தலை வடிவம், யோனெக்ஸ் ஐசோமெட்ரிக் என்று சொல்வது, நெடுக்கு நரம்புக்கும் குறுக்கு நரம்புக்கும் நீள வித்தியாசத்தைக் குறைத்து நல்ல அடி விழும் பரப்பைக் கூட்டுவதற்காக வந்தது. என் பேட்டிலும் அந்த வடிவம் அச்சு அசலாக இருந்தது. வடிவத்தைப் பார்த்துச் செய்துவிடலாம். நிறத்தையும் எழுத்தையும் செய்துவிடலாம். உள்ளே இருக்கிற அடுக்கைப் பார்த்துச் செய்ய முடியாது.

பெயர் இல்லாமல் செய்த காலம்

வீட்டுக்கு வந்ததும் அந்த நிறுவனத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். முதலில் கோபத்தில்தான் படிக்க ஆரம்பித்தேன், யாரைக் கோபிப்பது என்றே தெரியாத கோபம். படிக்கப் படிக்க அது வேறு எங்கோ கொண்டுபோனது.

மினோரு யோனெயாமா என்பவர் 1946-ல், போர் முடிந்த மறுவருடம், ஜப்பானின் நீகாட்டா பகுதியில் தொடங்கியது அந்தத் தொழில். பனி கொட்டும் பிரதேசம் அது. ஷட்டிலுக்கும் அவர்களுக்கும் அப்போது ஒரு தொடர்பும் இல்லை. அவர்கள் செய்தது மீன்பிடி வலைகளுக்கான மர மிதவை. நன்றாகத்தான் போயிருக்கிறது. பிறகு பிளாஸ்டிக் மிதவை வந்தது. மர மிதவையைக் கேட்க ஆள் இல்லாமல் போனது. மரத்தை இழைக்கத் தெரிந்த கைகள் இருக்கின்றன, செய்வதற்குப் பொருள் இல்லை. 1957-ல் அவர்கள் பேட்மின்டன் ராக்கெட் செய்ய ஆரம்பித்தார்கள். அதுவும் சொந்தப் பெயரில் இல்லை. மற்ற பிராண்டுகளுக்காகச் செய்து கொடுத்தார்கள். 1961-ல்தான் யோனெயாமா என்ற பெயரோடு முதல் ராக்கெட் வெளியே வந்தது. இரண்டு வருடத்தில் ஏற்றுமதிக்காகத் தனி நிறுவனம். 1969-ல் அலுமினிய பேட்மின்டன் ராக்கெட். 1974-ல் யோனெக்ஸ் என்று பெயர் மாறியது. 1984 முதல் ஆல் இங்கிலாந்து பேட்மின்டன் போட்டியின் பெயரோடு அந்தப் பெயரும் ஒட்டிக்கொண்டது. மினோரு யோனெயாமா 2019-ல், 95 வயதில் காலமானார்.

இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது 1957-க்கும் 1961-க்கும் இடையில் இருக்கும் அந்த நான்கு வருடம். தன் பட்டறையில் தன் ஆட்கள் செய்த பொருளில் அடுத்தவர் பெயர். அதைப் படித்தபோது ஒரு கணம் என் பேட்டைச் செய்த ஆளை நினைத்தேன். அவரும் எங்கோ ஒரு கொட்டகையில் அடுத்தவர் பெயரை ஒட்டிக்கொண்டிருந்தவர்தானே? இருவரும் ஒன்றா? ரொம்ப நேரம் இந்தக் கேள்வியில் கிடந்தேன். இல்லை என்றுதான் இப்போது சொல்வேன். யோனெயாமா செய்து கொடுத்தது, பெயருக்கு உரியவர் கேட்டு வாங்கியது. அந்த ராக்கெட் உடைந்தால் வாங்கியவர் பெயருக்கு உரியவரிடம் போவார், அவர் நீகாட்டாவுக்கு வந்து கேட்பார். கேள்வி போய்ச் சேர ஒரு வழி இருந்தது. 1961-ல் தன் பெயரைப் போட்டபோது அவர் செய்தது அந்த வழியை நேராகத் தன் வாசலுக்கே கொண்டுவந்தது. இனிமேல் உடைந்தால் என்னிடம் வாருங்கள் என்று சொன்னது. குடும்பப் பெயரையே பொருளில் போடுவதென்றால், அந்தப் பொருள் கெட்டால் குடும்பமே பதில் சொல்ல வேண்டும்.

என் பேட்டில் இருந்த பெயருக்குப் பின்னால் அப்படி ஒரு வாசல் இல்லை. உடைந்த அந்த இன்னொரு பேட்டின் சொந்தக்காரர் எங்கே போய்க் கேட்டிருப்பார்? விற்றவரிடம் போனால் அவர் கையை விரித்திருப்பார். பெயருக்கு உரியவர்களிடம் போனால், இது நாங்கள் செய்ததே இல்லை என்பார்கள், அதுவும் உண்மை. பெயர் இருக்கிறது, பதில் சொல்ல ஆள் இல்லை. டூப்ளிகேட் திருடுவது லாபத்தை மட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான். அது அந்தப் பதிலையே திருடிவிடுகிறது.

2023-ல் இந்திய ஆட்டக்காரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்மாஷ் அடித்த செய்தி வந்தபோது எங்கள் கோர்ட்டில் ஒரு வாரம் அதே பேச்சு. அதற்கு முன்பு மலேசியாவின் டான் பூன் ஹியோங் 2013-ல் அடித்த 493 பத்து வருடம் நின்றிருந்தது. எல்லோரும் வேகத்தைப் பற்றியே பேசினோம். இப்போது அதே செய்தியை மறுபடி படிக்கும்போது கண்ணில் படுவது வேறு. அந்தச் சோதனை நடந்தது ஜப்பானின் சைதாமாவில், சோகா என்ற ஊரில், யோனெக்ஸ் தொழிற்சாலையின் சொந்த உள்ளரங்கில். பேட்டைச் செய்தவர்களுடைய கூரைக்குக் கீழேயே அது அடிபட்டிருக்கிறது. உடைந்திருந்தாலும் அங்கேயேதான் உடைந்திருக்கும், அவர்கள் கண் முன்னால்.

ஆடத் தெரிந்தவனுக்கு

கோர்ட்டில் நண்பர்களிடம் சொன்னபோது ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். "ஆடத் தெரிஞ்சவனுக்கு எந்த பேட்டா இருந்தா என்ன?" என்றான் ஒருவன். "ஏழு வருஷம் உழைச்சிருக்கு, அப்புறம் என்ன குறை?" என்றார் இன்னொருவர். அவர்கள் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. அந்த பேட்டில் நான் சந்தோஷமாக ஆடியிருக்கிறேன். அதில்தான் பேக்ஹேண்ட் கிளியர் கற்றுக்கொண்டேன். வலையோரம் பந்தை உருட்டிவிடக் கற்றதும் அதில்தான். அந்தச் சாயங்காலங்கள் எதுவும் டூப்ளிகேட் இல்லை.

ஆனால் தோள் வலியை என்ன செய்வது? எட்டு கிராம், பத்து கிராம் என்பது கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான முறை தலைக்கு மேல் வீசும்போது, அதுவும் எடை தலைப் பக்கம் இருந்தால், அது வேறு கணக்கு. நண்பனின் 3யூ பேட்டை அடுத்த நாள் கடன் வாங்கி மூன்று செட் ஆடினேன். மூன்றாவது செட்டில் கை எழுந்தது. அன்று ராத்திரி நான் சந்தோஷப்படவில்லை, துக்கமாக இருந்தது. ஏழு வருடம் என் கையைக் குறை சொல்லியிருக்கிறேன். பெயர் தெரியாத பேட்டாக இருந்திருந்தால் முதல் மாதமே பேட்டைச் சந்தேகப்பட்டிருப்பேன். அதில் அந்தப் பெயர் இருந்ததால்தான் என்னைச் சந்தேகப்பட்டேன். பேட்டின் அதிக எடையைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

அண்ணனுக்கும் இதுவேதான் நடந்திருக்கிறது. விவரம் தெரியாதவன் பிடித்துக்கொள்ள இருந்த ஒரே கைப்பிடி அந்தப் பெயர். விவரம் தெரிந்தவனை டூப்ளிகேட் ஏமாற்றுவது கஷ்டம். குரோமெட்டைத் தட்டுவான், எடை போடுவான், எண்ணைப் படிப்பான். அன்போடு, அவசரமாக, யாருக்கோ பரிசு வாங்க வருகிறவனைத்தான் அது தேடிப் பிடிக்கிறது.

அதனால்தான் சொல்ல முடியவில்லை. சொன்னால் அந்த முதல் சம்பளத்தின் மேல் ஒரு கறை விழும். அவன் கேட்ட "சரியா இருக்கா"வுக்கு ஏழு வருடம் கழித்து இல்லை என்று பதில் சொல்வதாக ஆகும். சொல்லாமல் விட்டால் என்ன கெட்டுப்போகிறது என்று நினைத்தேன். பேட்டை நரம்பில்லாமல் உறைக்குள் வைத்து பீரோ மேல் தூக்கி வைத்தேன்.

போன மாதம் அண்ணன் போன் செய்தான். மகள் ஷட்டில் வகுப்பில் சேர்ந்திருக்கிறாளாம். குரலில் அத்தனை உற்சாகம். "உனக்கு வாங்கினேன்ல, அங்கேயே இவளுக்கும் ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கேன். ஏழு வருஷமா ஆடுறியே, நல்ல பேட்டு" என்றான். நான்கு மாதமாக உருட்டிக்கொண்டிருந்தது அந்த இடத்தில் நின்றது. சொல்லிவிட்டேன். எண், எடை, உடைந்த இன்னொரு பேட் எல்லாவற்றையும். தோள் வலியை மட்டும் விட்டுவிட்டேன். மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதா என்று பார்த்தேன். பிறகு, "அந்தக் கடைக்காரரு எனக்குத் தண்ணியெல்லாம் குடுத்தாருடா" என்றான். அவன் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நீ கூட வா" என்றான்.

போனோம். அனுமதி பெற்ற விற்பனையாளர் யார் என்று முன்னாலேயே பார்த்து வைத்திருந்தேன். குழந்தையின் கைக்கு மெல்லிய பிடியாக, 80 கிராமுக்குள் இருக்கும் 5யூ பேட் ஒன்றை எடுத்தோம். அண்ணன் அதை வாங்கிக் குரோமெட்டுகளை நகத்தால் ஒவ்வொன்றாகத் தட்டினான். நான் போனில் சொன்னதை அப்படியே ஞாபகம் வைத்திருக்கிறான். ஒன்றும் ஆடவில்லை. பிறகு பேட்டை மகளிடம் கொடுத்து, "அந்தத் தண்டுல ஒரு நம்பர் இருக்கும் பாரு, படி" என்றான். அவள் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாகப் படித்தாள். அண்ணன் பில்லைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டான்.